கைக்கு வந்த ஆட்டத்தைக் கோட்டைவிடும் அணி: பி.எஸ்.ஜி.யின் சரிவுகளுக்கு மனம் காரணமா, ஆட்டமுறை காரணமா?

மாறன் எழுதியது:

2025 மே 31 அன்று மியூனிக்கில் இண்டர் மிலானை 5-0 என்ற கோல் கணக்கில் நொறுக்கி சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் அணியை மட்டுமே அறிந்த இளைய ரசிகர்களுக்கு, நான் எழுதப்போவது சற்று வியப்பாக இருக்கக்கூடும். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் பி.எஸ்.ஜி. என்றாலே, வென்றுவிட்ட ஆட்டத்தைத் தோற்கும் அணி என்பதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும்.

2014இல் செல்சியை முதல் லெக்கில் (ஊருக்கொன்றாக ஆடும் இரண்டு ஆட்டங்களில் முதலாவதில்) 3-1 என்று வென்றுவிட்டு, லண்டனில் 87ஆவது நிமிடத்தில் டெம்பா பா அடித்த கோலால் வெளியேறினார்கள். மொத்தக் கணக்கு சமமானால் எதிரணியின் ஊரில் அதிகக் கோல் அடித்த அணியே முன்னேறும் என்ற வெளியூர் கோல் விதி அப்போது இருந்தது. 2017இல் பார்சிலோனாவைத் தங்கள் ஊரில் 4-0 என்று புரட்டியெடுத்துவிட்டு, மூன்று வாரம் கழித்து கேம்ப் நூவில் 6-1 என்று தோற்றார்கள். 2019இல் ஓல்டு டிராஃபோர்டில் 2-0 என்று வென்றவர்கள், சொந்த மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டிடம் 3-1 என்று விழுந்தார்கள். 2022இல் ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக மொத்தத்தில் 2-0 என்று முன்னிலை பெற்று, ஒரு மணி நேரம் வரை எந்தச் சிக்கலும் இன்றி ஆடிக்கொண்டிருந்தவர்கள், பென்சிமா 61, 76, 78ஆவது நிமிடங்களில் அடித்த மூன்று கோல்களில் மூட்டை கட்டினார்கள்.

இந்த நான்கு ஆட்டங்களிலும் பயிற்சியாளர்கள் வேறு: லோரான் பிளாங்க், உனாய் எமெரி, தாமஸ் டூஹல், போச்செட்டினோ. வீரர்களும் பெரும்பாலும் மாறிவிட்டார்கள். ஆனாலும் ஒரே காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தோம். முதல் கோல் விழுந்ததும் தோள்கள் தொங்கும். இரண்டாவது கோலுக்குப் பிறகு ஒருவரையொருவர் பார்த்துக் கைவிரிப்பார்கள். அதற்குப் பிறகு பந்தை வாங்கவே ஆள் இருக்காது. மனத்திடம் இல்லாத அணி என்று அப்போது எல்லோரும் எழுதினார்கள், நானும் அதை ஏற்றுக்கொண்டுதான் இருந்தேன். எனக்கு இப்போது எழும் கேள்வி இதுதான். மனத்திடம் என்பது அணிக்குள் இருக்கும் ஒரு குணம் என்றால், அது 2025இல் எங்கிருந்து வந்தது? வாங்கக்கூடிய சரக்காக இருந்திருந்தால், பணத்துக்குக் குறைவில்லாத அந்தக் கிளப், கத்தார் பணம் வந்த 2011ஆம் ஆண்டிலேயே வாங்கியிருக்கும் அல்லவா?

பின்வரிசைக்காரன் எழுதியது:

நல்ல கேள்வி, மாறன். மாவட்ட லீகில் சில காலம் சென்டர்-பேக்காக ஆடியவன் என்ற முறையில், நான் முழுக்க மைதானத்திலிருந்தே பதில் சொல்ல விரும்புகிறேன்.

2017 மார்ச் 8ஆம் தேதி ஆட்டத்தை மறுபடி பாருங்கள். ஆறு கோல்களை விட்டுவிட்டு, பி.எஸ்.ஜி.யின் தற்காப்பு வரிசை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் பாருங்கள். மூன்றாவது நிமிடத்தில் சுவாரஸ் கோல் அடிப்பதற்கு முன்பே அது பெனால்டி பகுதியின் விளிம்புக்கு வந்துவிட்டது. பயந்ததனால் பின்வாங்கினார்களா என்று கேட்டால், ஆட்டம் தொடங்கி மூன்று நிமிடத்தில் அஞ்சுவதற்கு என்ன நடந்துவிட்டது? நான்கு கோல் முன்னிலையைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு இறங்கிய அணி, காப்பாற்றுவது என்றால் பின்னால் நிற்பது என்று எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் லெக்கில் பார்சிலோனாவை நெருக்கிப் பிடித்து, மூச்சுவிட விடாமல் ஆடிய அதே அணி இது.

பின்னால் நிற்கும் அணிக்கு ஒரு சங்கடம் உண்டு. பந்து கையில் கிடைத்ததும் அதை யாரிடம் கொடுப்பது? முன்னால் கவானி ஒருவர்தான் நிற்கிறார், அவரைச் சுற்றி மூன்று பேர். ஆகவே தூக்கி அடிக்கிறார்கள். அடித்த பந்து சில நொடிகளில் திரும்பி வருகிறது. இப்படி இருபது முறை நடந்தால், உலகத்தின் மிகத் துணிச்சலான வீரனுக்கும் கால் நடுங்கத்தான் செய்யும். 62ஆவது நிமிடத்தில் கவானி ஒரு கோல் அடித்தார். கணக்கு 3-1. பார்சிலோனாவுக்கு இன்னும் மூன்று கோல்கள் தேவை. 88ஆவது நிமிடம் வரை அந்த நிலை மாறவே இல்லை. அதாவது, உடைந்துபோன அணி என்று நாம் சொல்லும் அணி, இடையில் இருபத்தைந்து நிமிடங்களுக்கு மேல் கோல் விடாமல்தான் ஆடியிருக்கிறது. 85ஆவது நிமிடத்தை ஒட்டி டி மரியா தனியாகக் கோல்கீப்பரை நோக்கி ஓடிய வாய்ப்பு வலைக்குள் போயிருந்தால், இந்த விவாத இழையே இருந்திருக்காது.

பிறகு, அப்போது பார்சிலோனாவுக்கு ஆடிய நெய்மாரின் ஃப்ரீ கிக். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் குற்றமாகச் சொல்வேன். நடுவில் பந்தை வைத்துத் தொடங்கிய தருணங்களைத் தவிர, பி.எஸ்.ஜி. வீரர்கள் ஒருவருக்கொருவர் ஒழுங்காகப் பந்து கொடுத்துக்கொண்டதே இல்லை என்று சொல்லிவிடலாம். கடைசிக் கோலுக்கு வழிவகுத்த ஃப்ரீ கிக்கை வாங்கிக் கொடுத்தவர் பார்சிலோனாவின் கோல்கீப்பர் டெர் ஸ்டெகன். அதுவும் எதிரணியின் பாதி மைதானத்தில்! ஒரு கோல்கீப்பர் அங்கே வந்து பந்தைப் பறிக்கும் அளவுக்கு இடம் விட்டிருக்கிறார்கள் என்றால், அதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை, நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்த இரண்டு பேர் போதும்.

கயல்விழி எழுதியது:

பின்வரிசைக்காரன் அவர்கள் மைதானத்தில் நடந்ததைத் துல்லியமாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் காரணத்தையும் விளைவையும் அவ்வளவு எளிதாகப் பிரித்துவிட முடியாது என்று நினைக்கிறேன். தற்காப்பு வரிசையை யாரும் கயிறு கட்டி இழுப்பதில்லை. நான்கு பேர், தனித்தனியாக, தங்களுக்குப் பின்னால் இருக்கும் வெற்றிடத்தை நினைத்து ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைப்பதன் மொத்த விளைவே அது. அந்த ஒரு அடியை எடுத்து வைக்கச் சொல்வது அச்சம்தான்.

நார்வே நாட்டு ஆய்வாளர் கெயிர் யோர்டெட், பெனால்டி ஷூட்-அவுட்டுகளை நீண்ட காலம் ஆராய்ந்தவர். அழுத்தத்தில் இருக்கும் வீரர்கள் பந்தை வைத்துவிட்டுக் கோல்கீப்பருக்கு முதுகைக் காட்டித் திரும்புவதையும், நடுவர் விசில் ஊதிய உடனேயே மூச்சுக்கூட விடாமல் ஓடி வந்து அடிப்பதையும், அப்படி அடிப்பவர்கள் அதிகம் தவறவிடுவதையும் அவர் எடுத்துக்காட்டினார். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அவசரம். கோல் அடிக்க வேண்டும் என்ற விருப்பத்தைவிட, இந்த வேதனை சீக்கிரம் முடிந்து தொலைய வேண்டும் என்ற விருப்பம் மேலோங்கிவிடுகிறது.

கேம்ப் நூவின் கடைசி ஏழு நிமிடங்களில் பி.எஸ்.ஜி. செய்ததும் அதேதான். பந்தை வாங்கி, நின்று, தலையை நிமிர்த்திப் பார்ப்பதற்கு இரண்டு நொடி ஆகும். அந்த இரண்டு நொடி பொறுப்பை யாரும் ஏற்க விரும்பவில்லை. தூக்கி அடித்துவிட்டால் பொறுப்பு முடிந்தது. நடுக்களத்தில் பந்தை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் அன்று இல்லை என்று சொல்ல முடியுமா? வெராட்டி அங்கேதான் ஆடினார். அவரைவிட நெருக்கடியில் பந்தைக் காக்கத் தெரிந்த நடுக்கள வீரர்கள் அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மிகச் சிலரே.

எண்கணக்கன் எழுதியது:

இருவருமே நிரூபிக்கப்படாத ஒன்றை எடுத்துக்கொண்டு, அதற்குக் காரணம் தேடுகிறீர்கள். சரிவு என்ற ஒன்று தனியாக இருக்கிறதா என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு.

ஆட்டத்தின் போக்கு ஒரு பக்கம் சாய்கிறது என்பது பார்ப்பவருக்கு மிக உண்மையாகத் தோன்றும். 1985இல் கிலோவிச், வலோன், ட்வெர்ஸ்கி ஆகிய மூவர் கூடைப்பந்து வீரர்களின் எறிதல்களை ஆராய்ந்து, தொடர்ந்து கூடைக்குள் போட்டவர் அடுத்ததையும் போடுவார் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை என்றார்கள். பின்னாளில் மில்லர், சன்ஹுர்ஹோ என்ற இருவர் அந்தக் கணக்கிலேயே ஒரு சாய்வு இருப்பதைக் கண்டுபிடித்தார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். விவாதம் இன்னும் முடியவில்லை. நான் சொல்ல வருவது, கண்ணால் பார்த்தேன் என்பது இந்த விஷயத்தில் சாட்சியாகாது என்பதுதான்.

மாறன் நான்கு ஆட்டங்களைப் பொறுக்கி எடுத்தார். நானும் பொறுக்குகிறேன். 2015 மார்ச்சில் செல்சியின் மைதானத்தில் 31ஆவது நிமிடத்திலேயே இப்ராஹிமோவிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். பத்துப் பேரோடு ஆடிய பி.எஸ்.ஜி. இருமுறை பின்தங்கியது, 86ஆவது நிமிடத்தில் டேவிட் லூயிஸ், கூடுதல் நேரத்தில் 114ஆவது நிமிடத்தில் தியாகோ சில்வா என இருமுறையும் தலையால் முட்டிச் சமன்செய்து, வெளியூர் கோல் விதியில் முன்னேறியது. தியாகோ சில்வா அந்தக் கோலுக்குச் சற்று முன்புதான் பந்தைக் கையால் தொட்டு எதிரணிக்குப் பெனால்டி கொடுத்திருந்தார். கோழை, அழுமூஞ்சி என்றெல்லாம் பழிக்கப்பட்ட அதே தியாகோ சில்வா! 2020 ஆகஸ்டில் லிஸ்பனில் அடலாண்டாவிடம் 90ஆவது நிமிடம் வரை 0-1 என்று பின்தங்கியிருந்து, மூன்று நிமிட இடைவெளியில் இரண்டு கோல் அடித்து வென்றது யார்?

2019 ஆட்டத்தையும் சரிவுக் கணக்கில் சேர்ப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அன்று பந்து பெரும்பாலும் பி.எஸ்.ஜி. வசமே இருந்தது. கேரர் தவறாகப் பின்னால் கொடுத்த பந்து ஒரு கோல். புஃபோன் கையிலிருந்து நழுவவிட்ட பந்து இன்னொரு கோல். கிம்பெம்பேவின் கையில் பட்ட பந்துக்குக் காணொளி நடுவர் வழியாகக் கிடைத்த பெனால்டி மூன்றாவது. இதில் மனத்திடம் எங்கே வந்தது?

ரெட் டெவில் எழுதியது:

எண்கணக்கன் அவர்களே, பத்துப் பேர் வரை காயத்தாலும் தடையாலும் இல்லாத நிலையில், பதின்ம வயதுப் பையன்களை மாற்று வீரர்களாக இறக்கி, இடைக்காலப் பயிற்சியாளரோடு வந்து வென்ற எங்கள் மான்செஸ்டர் யுனைடெட்டின் 2019 வெற்றியை விபத்து என்று எழுதிவிட்டீர்கள். மறுப்பதற்கு என்னிடம் புள்ளிவிவரம் ஏதும் இல்லை. ஆனால் 80ஆவது நிமிடத்திற்கு மேல், ஒரு கோல் விட்டால் வெளியேற்றம் என்று தெரிந்திருந்தும், பி.எஸ்.ஜி. இன்னொரு கோல் அடித்து ஆட்டத்தை முடிக்கவும் போகவில்லை, முழுக்கப் பின்வாங்கவும் இல்லை. இரண்டும் கெட்டானாக நின்றது என்பதை அன்று பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

லாச்சப்பல்வாசி எழுதியது:

வணக்கம். நான் இருபது வருடங்களுக்கு மேலாகப் பரிஸில் வசிப்பவன். உதைபந்தாட்டத்தை யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட மைதானத்தில் பழகியவன். இங்கே ஆட்டமுறையையும் மனத்தையும் பற்றி எழுதுகிறீர்கள். மூன்றாவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். அது இந்த நகரம்.

ரெட் டெவில் குறிப்பிட்ட 2019 ஆட்டத்துக்கு நான் அரங்கில் இருந்தேன். மேலதிக நேரம் தொடங்கியிருந்தது. யுனைடெட்டின் டாலோ அடித்த பந்து எதிலோ பட்டு வெளியே போனதைத்தான் நாங்கள் கண்டோம். மூலை உதை என்று நினைத்தோம். மத்தியஸ்தர் காதில் கை வைத்தார். பிறகு திரையை நோக்கி நடக்கத் தொடங்கினார். அவர் திரையைச் சென்றடையவும் இல்லை, எனக்குப் பக்கத்தில் நின்ற வயதான பிரெஞ்சுக்காரர் கழுத்துச் சால்வையைக் கழற்றி, மடித்து, பைக்குள் வைத்துவிட்டார். என்ன தீர்ப்பு வரும், ராஷ்ஃபோர்ட் அடிப்பாரா மாட்டாரா, அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மிஞ்சும் என்பதெல்லாம் அவருக்குத் தேவைப்படவில்லை. 2017ஐப் பார்த்தவர் அவர். அரங்கில் இருந்த நாற்பதாயிரத்துக்கும் அதிகமானவர்களில் பெரும்பாலானோர் அதே நிலையில்தான் இருந்தார்கள். பெனால்டி வலைக்குள் போனபோது பெரிய அதிர்ச்சிகூட இல்லை.

அரங்கம் முழுவதும் தோல்வியை எதிர்பார்த்து நிற்கும்போது, அது மைதானத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் போகுமா? ஒவ்வொரு வருடமும் மார்ச் மாதம் நெருங்கினால் இங்கே பத்திரிகைகள், வானொலி, வேலைத்தளத்தில் தேநீர் நேரக் கதை எல்லாமே ஒன்றுதான்: இந்த முறை எப்படித் தோற்கப் போகிறார்கள்? 2022இல் மாட்ரிட்டில் தோற்றுவிட்டு வந்து, நான்கு நாட்களில் பிரெஞ்சு லீக்கில் பொர்தோ (Bordeaux) அணியுடன் ஆடினார்கள். 3-0 என்று வென்ற ஆட்டம் அது. ஆனாலும் மெஸ்ஸியும் நெய்மாரும் பந்தைத் தொடும்போதெல்லாம் சொந்த ரசிகர்களே சீழ்க்கை அடித்துக் கேலி செய்தார்கள். மெஸ்ஸிக்கு அப்படி ஒரு வரவேற்பு வேறெங்கும் கிடைத்திருக்காது.

இன்னொரு விளக்கமும் இங்கே அடிக்கடி சொல்லப்படும். பிரெஞ்சு லீக்கில் போட்டியே இல்லை, வாராவாரம் மூன்று நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்பவர்களுக்குத் தோற்கும் நிலையில் ஆடிப் பழக்கமில்லை என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2017இல் லீக்கை வென்றது மொனாகோ! 95 புள்ளிகள், பி.எஸ்.ஜி.க்கு 87. அந்தப் பருவம் முழுவதும் துரத்திக்கொண்டே ஆடியவர்கள்தான் பார்சிலோனாவில் ஆறு கோல் வாங்கினார்கள். லீக்கை மிக இலகுவாக வென்ற 2025இல் ஐரோப்பாவையும் வென்றார்கள். ஆகவே அந்த விளக்கத்தை நான் கைவிட்டுவிட்டேன்.

மாறன் எழுதியது:

லாச்சப்பல்வாசி அண்ணா, மிக்க நன்றி. அந்தச் சால்வை மடித்தவரைப் பற்றி இன்னும் சிறிது எழுதலாம், ஆனால் விவாதத்துக்குத் திரும்புகிறேன்.

நகரமும் நினைவும்தான் காரணம் என்றால், அந்த நினைவை மற்ற எவரையும்விட அதிகமாகச் சுமந்தவர் மார்கினியோஸ். 2017இல் 90ஆவது நிமிடத்தைக் கடந்து சுவாரஸ் விழுந்ததற்குப் பெனால்டி கொடுக்கப்பட்டது அவர் மீதுதான். 2022இல் பென்சிமாவின் மூன்றாவது கோலுக்கு முன், வினிசியஸுக்குப் போக வேண்டிய பந்தை வெட்டப்போய், அதை நேராக பென்சிமாவின் காலடியில் உருட்டிவிட்டவரும் அவரே. இரண்டாவது கோல் விழுந்து, நடுவில் பந்தை வைத்துத் தொடங்கி, மூச்சு வாங்குவதற்குள் நடந்தது அது. அவர்தான் மியூனிக்கில் கேப்டனாகக் கோப்பையை வாங்கினார். 2022இல் பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு தாமதித்து, பென்சிமா ஓடி வந்து நெருக்கியதும் தடுமாறி முதல் கோலுக்கு வழிவிட்ட டொன்னாரும்மாவும் 2025 அணியில் அதே இடத்தில் நின்றார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. 2017இல் எதிரணியின் பயிற்சியாளராக இருந்து, நமக்கு எதிராக நான்கு அடிக்க முடியுமென்றால் நம்மால் ஆறு அடிக்க முடியும் என்ற பொருளில் ஆட்டத்துக்கு முன்பே பேசியவர் லூயிஸ் என்ரிக்கே. பி.எஸ்.ஜி. உடைந்ததை மிக அருகில் நின்று பார்த்தவர்தான் 2023இல் அதே அணிக்குப் பொறுப்பேற்றார்.

பின்வரிசைக்காரன் எழுதியது:

மாறன், நீங்கள் இப்போது எழுதியதை வைத்தே என் வாதத்தை முடிக்கலாம் போலிருக்கிறது. அதே கேப்டன், அதே கோல்கீப்பர். அவர்களுக்குப் புதிதாக நெஞ்சு எதுவும் முளைக்கவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்றவர்கள் மாறினார்கள். விட்டின்யா, ஜோவாவ் நெவஸ், ஃபாபியான் ரூயிஸ் ஆகிய மூவரில் எவரும் பந்துக்கு முதுகு காட்டுவதில்லை. கோல் விழுந்த அடுத்த நிமிடத்தில் பின்வரிசையிலிருந்து பந்தை வாங்க விட்டின்யா இறங்கி வருவதைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேர் மேலே வந்து விழுந்தாலும் வாங்குவார், வாங்கிப் பக்கத்தில் கொடுப்பார், மறுபடி வாங்குவார். பார்ப்பவர்களுக்குச் சலிப்பான வேலை. தற்காப்பு வீரனுக்கு அது எப்பேர்ப்பட்ட நிம்மதி என்பது ஆடியவர்களுக்குத்தான் தெரியும். வரிசையை ஐந்தடி முன்னால் நகர்த்திக்கொள்ளவும், பக்கத்தில் இருப்பவனிடம் இரண்டு வார்த்தை சொல்லவும் அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. கயல்விழி அவர்கள் வெராட்டியைக் கேட்டார். வெராட்டி அன்று தனியாள். அவர் பந்தை வாங்கினாலும் கொடுப்பதற்கு அருகில் ஆள் இல்லை.

2025 ஜனவரி 22 அன்று மான்செஸ்டர் சிட்டி பாரிஸுக்கு வந்தது. தோற்றால் முதல் கட்டத்திலேயே வெளியேறும் அபாயம் பி.எஸ்.ஜி.க்கு. 50, 53ஆவது நிமிடங்களில் கிரீலிஷும் ஹாலண்டும் அடித்து 2-0. பழைய பி.எஸ்.ஜி. என்றால் அங்கேயே கடையைச் சாத்தியிருக்கும். இவர்கள் 56ஆவது நிமிடத்தில் ஒன்று, 60ஆவது நிமிடத்தில் ஒன்று என்று திருப்பிக் கொடுத்து, 4-2 என்று முடித்தார்கள்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். பத்தாண்டுகளாக ஆட்டத்தை அடக்கி ஆள்வதற்குப் பெயர்போன பெப் கார்டியோலாவின் அணி, 2024 நவம்பரில் ஃபெயனூர்டுக்கு எதிராக 75ஆவது நிமிடம் வரை 3-0 என்று முன்னிலையில் இருந்து, 3-3 என்று முடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் நடுக்கள வீரர் ரோட்ரி முழங்கால் காயத்தோடு அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தார். சிட்டி வீரர்கள் ஒரே இரவில் கோழைகளாகிவிட்டார்களா? நெருக்கடியில் பந்தை வாங்கும் ஆள் போனார். அவரோடு அணியின் மனத்திடமும் போனது.

கயல்விழி எழுதியது:

நீங்கள் வில்லா பார்க்கை வசதியாகத் தவிர்த்துவிட்டீர்கள்!

2025 ஏப்ரல் 15. முதல் லெக்கில் ஆஸ்டன் வில்லாவை 3-1 என்று வென்றிருந்த பி.எஸ்.ஜி., அன்று 27ஆவது நிமிடத்துக்குள் மேலும் இரண்டு கோல் அடித்து, மொத்தத்தில் 5-1 என்று நின்றது. பிறகு டீலமான்ஸ் ஒன்று அடித்தார். இடைவேளைக்குப் பிறகு 55, 57ஆவது நிமிடங்களில் மக்கின், கோன்சா. மொத்தக் கணக்கு 5-4. நீங்கள் போற்றும் மூன்று நடுக்கள வீரர்களும் மைதானத்தில்தான் இருந்தார்கள். பத்து நிமிடங்களுக்கு மேல் பி.எஸ்.ஜி.யால் தன் பாதியைவிட்டு ஒழுங்காக வெளியே வர முடியவில்லை. டீலமான்ஸின் தலை முட்டலையும், தனியாக வந்த அசென்சியோவையும் தடுத்தது டொன்னாரும்மா. ஆகவே ஆட்டமுறை அன்று முறிந்துபோனது. முறிந்த பிறகும் அணி சிதறவில்லை. எனக்கு அந்த அரை மணி நேரம்தான் முக்கியம். பந்தைத் தூக்கி அடித்தார்கள், ஆனால் அடித்த பிறகு நிற்காமல் ஓடினார்கள். ஒருவர் தவறவிட்டபோது மற்றவர் கைவிரிக்கவில்லை. ஆட்டமுறை கைகொடுக்காத நேரத்தில் என்ன மிஞ்சுகிறது என்பதைத்தான் நான் மனத்திடம் என்கிறேன்.

அது எப்படி வந்தது என்று கேட்டால், அதற்கு ஒரு மாதம் முன்னால் நடந்த லிவர்பூல் ஆட்டங்களைச் சுட்டுவேன். பாரிஸில் ஆட்டம் முழுவதும் ஆதிக்கம் செலுத்திவிட்டு, கோல்கீப்பர் அலிசன் ஒருவரைத் தாண்ட முடியாமல், 87ஆவது நிமிடத்தில் எலியட் அடித்த கோலில் தோற்றார்கள். பழைய அணிக்கு இது இன்னொரு சாபக்கேடாகத் தெரிந்திருக்கும். இவர்கள் ஆறு நாள் கழித்து ஆன்ஃபீல்டுக்குப் போய், அதே ஆட்டத்தை அப்படியே ஆடி 1-0 என்று வென்று, பெனால்டியில் முன்னேறினார்கள். நன்றாக ஆடியும் தோற்றோம், ஆகவே ஆட்டத்தை மாற்ற வேண்டியதில்லை என்ற முடிவை எடுக்கப் பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் பெரிய துணிவு தேவை.

எண்கணக்கன் எழுதியது:

கோப்பையை வென்றவர்களுக்கு மனத்திடம் இருந்தது என்று பின்னோக்கிச் சொல்வது எளிது. அதே அணி, அதே பயிற்சியாளர், ஆறு வாரம் கழித்து: 2025 ஜூலை 13, கிளப் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். செல்சி 22, 30, 43ஆவது நிமிடங்களில் கோல் அடித்து இடைவேளைக்குள் 3-0. அதற்குப் பிறகு 45 நிமிடங்கள் மிச்சம் இருந்தும் ஒரு கோல்கூடத் திருப்ப முடியவில்லை. கடைசியில் ஜோவாவ் நெவஸ் எதிரணி வீரர் குக்குரேயாவின் முடியைப் பிடித்து இழுத்துச் சிவப்பு அட்டை வாங்கினார். ஆட்டம் முடிந்த பிறகு லூயிஸ் என்ரிக்கேயே செல்சி வீரர் ஒருவரோடு கைகலப்பில் இறங்கினார். மனத்திடத்தின் இலக்கணமாக இந்த இழை முழுவதும் போற்றப்பட்ட இருவர் இவர்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

பின்வரிசைக்காரன் எழுதியது:

அந்த ஆட்டத்தை நான் மறுக்கவில்லை. செல்சி அன்று நீண்ட பந்துகளால் நூனோ மென்டெஸ் பக்கத்தைக் குறிவைத்து, விட்டின்யாவுக்குப் பந்து போகும் வழியை அடைத்துவிட்டது. பந்து வாங்கும் ஆளை அடைத்தால் பி.எஸ்.ஜி. தடுமாறும் என்பது என் வாதத்துக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது. முடியை இழுத்ததற்கு என்னிடம் ஆட்டமுறை விளக்கம் எதுவும் இல்லை. அது வெறும் ஆத்திரம்.

லாச்சப்பல்வாசி எழுதியது:

எனக்குப் புதிய அணியைப் பற்றி இன்னமும் முழு நம்பிக்கை இல்லை, ஆனால் ஒரு வேறுபாட்டைக் கண்டேன். 2025 ஆகஸ்ட் 13, உடினேயில் டோட்டனத்துக்கு எதிரான ஐரோப்பிய சூப்பர் கோப்பை. கோடை விடுமுறையிலிருந்து அப்போதுதான் திரும்பிய அணி. டொன்னாரும்மாவை அணியிலேயே சேர்க்காமல், லீல் கழகத்திலிருந்து புதிதாக வாங்கிய செவாலியேயைக் காவலுக்கு நிறுத்தினார்கள். 39ஆவது நிமிடத்தில் ஃபான் டெ வென் ஒரு கோல். 48ஆவது நிமிடத்தில் ரொமேரோ தலையால் முட்டிய பந்தைச் செவாலியே இரண்டு கைகளாலும் தொட்டும் உள்ளே விட்டுவிட்டார். முதல் ஆட்டத்திலேயே இப்படி ஒரு பிழை. 2019இல் புஃபோனின் பிழைக்குப் பிறகும், 2022இல் டொன்னாரும்மாவின் பிழைக்குப் பிறகும் பின்வரிசையில் நின்றவர்கள் பந்தைத் தங்கள் காவலரிடம் திருப்பிக் கொடுக்கத் தயங்கியதை நான் நன்றாகக் கவனித்திருக்கிறேன். இந்த முறை தயங்கவில்லை. ஏதும் நடக்காததுபோல அவரிடமே கொடுத்து, அவரிடமிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள். ஆட்டம் மந்தமாகத்தான் இருந்தது. டோட்டனம் வென்றுவிட்டது என்றே நான் எழுந்து கோப்பி போடப் போனேன். 85ஆவது நிமிடத்தில் லீ காங்-இன், மேலதிக நேரத்தில் கொன்சாலோ ராமோஸ். பெனால்டியில் விட்டின்யாவே முதலாவதை வெளியே அடித்தார். அதற்குப் பிறகு, ஆட்டத்தின் முதல் கோலை அடித்த ஃபான் டெ வென்னின் உதையைச் செவாலியே தடுத்தார். 4-3.